எல்லாக் கம்பிக்கும் 50 மடங்கு போதுமா? லேப் நீளமும் தூணுக்குள் நங்கூர நீளமும்

கேள்வி: கோவைத் தளப்பொறியாளர்

வணக்கம். கோயம்புத்தூரில் தரைத்தளமும் முதல் தளமும் கொண்ட ஒரு வீட்டுக் கட்டுமானத்தில் தளப்பொறியாளராக இருக்கிறேன். பணிக்கு வந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. தூண்கள் 300 × 400 மி.மீ., ஒவ்வொன்றிலும் 16 மி.மீ. கம்பிகள் எட்டு. பீம்கள் 230 × 400 மி.மீ.; மேலே 16 மி.மீ. கம்பி இரண்டு, கீழே மூன்று. தூணுக்கு எம்25, பீமுக்கும் கூரைத்தளத்துக்கும் எம்20 கான்கிரீட் (எண் கான்கிரீட்டின் அமுக்க வலிமை, நியூட்டன்/ச.மி.மீ. அளவில்). வரைபடத்தில் கம்பி எஃப்.ஈ. 500 (நெகிழ்வு வலிமை 500 நியூட்டன்/ச.மி.மீ.) என்று இருக்கிறது. கடையிலிருந்து வந்து இறங்கியிருப்பது எஃப்.ஈ. 550டி.

வரைபடத்தின் ஓரத்தில், "லேப் மற்றும் நங்கூர நீளம்: கம்பி விட்டத்தின் 50 மடங்கு" என்று ஒரே ஒரு குறிப்பு உள்ளது. லேப் என்பது இரண்டு கம்பிகள் அருகருகே படிந்து இணையும் நீளம்; நங்கூர நீளம் என்பது கம்பி தூணுக்குள் புதைந்து பிடித்திருக்கும் நீளம். 16 மி.மீ. கம்பிக்கு அது 800 மி.மீ. ஆகிறது. கம்பி கட்டும் மேஸ்திரியோ இருபது ஆண்டுகளாக இரண்டு அடி லேப்தான் விட்டு வருவதாகவும், எந்தக் கட்டடமும் விழவில்லை என்றும் சொல்கிறார். இரண்டு அடி என்பது 610 மி.மீ.; விட்டத்தைப் போல் 38 மடங்குதான். தூண் கம்பிகள் எட்டையும் தளத்துக்கு மேலேயே ஒரே மட்டத்தில் லேப் செய்வதும், கடைசித் தூணுக்குள் பீம் கம்பியை ஓர் அடி அளவில் எல் வடிவில் மடக்கி விடுவதும் அவருடைய வழக்கம்.

எனக்கு மூன்று ஐயங்கள். இந்த 50 மடங்கு எங்கிருந்து வருகிறது, அது எம்20 கான்கிரீட்டுக்கும் பொருந்துமா? தூணில் லேப்பை எந்த உயரத்தில் வைக்க வேண்டும்? ஓரத் தூணுக்குள் பீமின் மேல்கம்பி எவ்வளவு நீளம் செல்ல வேண்டும்? வடிவமைத்த பொறியாளரிடம் கேட்கும் முன் கணக்கை நானே புரிந்துகொள்ள விரும்புகிறேன்.

பதில் 1: வடிவமைப்புப் பொறியாளர்

கணக்கைப் புரிந்துகொண்ட பிறகு கேட்க நினைத்தது நல்லது, அடிப்படையிலிருந்தே எழுதுகிறேன். கான்கிரீட்டுக்குள் இருக்கும் ஒரு கம்பியை இழுத்தால், அதை வெளியே வராமல் தடுப்பது கம்பியின் சுற்றுப்பரப்பில் உள்ள பிணைப்பு மட்டுமே. கம்பி தாங்கும் விசை அதன் குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது. அதாவது விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. பிணைப்பின் எதிர்ப்போ சுற்றளவையும் நீளத்தையும் பொறுத்தது. இரண்டையும் சமன்படுத்தினால், தேவையான நீளம் = விட்டம் × கம்பியின் தகைவு (ஒரு ச.மி.மீ. பரப்பில் வரும் விசை) ÷ (4 × பிணைப்புத் தகைவு) என்று கிடைக்கிறது. இந்தியக் கான்கிரீட் விதிமுறையான ஐ.எஸ். 456 : 2000 தரும் 'டெவலப்மென்ட் லெங்த்' இதுதான். கீழே இதைப் பிடிப்பு நீளம் என்றே குறிப்பிடுகிறேன்.

எஃப்.ஈ. 500 கம்பியின் வடிவமைப்புத் தகைவு 0.87 × 500 = 435 நியூட்டன்/ச.மி.மீ. வழுவழுப்பான கம்பிக்கான பிணைப்புத் தகைவு எம்20இல் 1.2, எம்25இல் 1.4, எம்30இல் 1.5 என்று விதிமுறை தருகிறது; வரியுள்ள (மேற்பரப்பில் மேடுகள் கொண்ட) கம்பிக்கு அதை 60 சதவீதம் கூட்டிக்கொள்ளலாம். எனவே எம்20இல் 435 ÷ (4 × 1.92) = 56.6 மடங்கு, எம்25இல் 48.5 மடங்கு, எம்30இல் 45.3 மடங்கு. உங்கள் வரைபடக் குறிப்பு எம்25ஐ மனத்தில் வைத்து, 48.5ஐ 50 ஆக உயர்த்தி எழுதப்பட்டது என்று ஊகிக்கிறேன். தூணுக்கு அது சரி. எம்20 பீமுக்கு 16 மி.மீ. கம்பியின் பிடிப்பு நீளம் 906 மி.மீ.; அங்கே 800 போதாது, 610 அறவே போதாது.

கூரைத்தளத்தையும் இதே கண்ணோடு பாருங்கள். எம்20இல் 8 மி.மீ. கம்பிக்கு 453 மி.மீ., 10 மி.மீ. கம்பிக்கு 566 மி.மீ. வேண்டும். பல இடங்களில் ஓர் அடி லேப்போடு தளக்கம்பியைக் கட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

வளைவினால் இழுவிசை வரும் இடத்தில் லேப் நீளம், பிடிப்பு நீளம் அல்லது விட்டத்தின் 30 மடங்கு, இவற்றுள் பெரியது. கம்பி முழுவதும் நேரடி இழுவிசையில் இருக்கும் உறுப்பாக இருந்தால் பிடிப்பு நீளத்தின் இரு மடங்கு வேண்டும். இதோடு நின்றுவிட்டால் பாதி விதிதான் ஆகும். அருகருகே உள்ள லேப்களுக்கு இடையே உள்ள இடைவெளி 75 மி.மீ. அல்லது விட்டத்தின் 6 மடங்கு, இவற்றுள் பெரியதைவிடக் குறைவாக இருந்தால் நீளத்தை 1.4 மடங்காக்க வேண்டும். வார்ப்பின் மேற்பகுதியில் இருக்கும் கம்பிக்கு கவர் (கம்பிக்கு வெளியே உள்ள கான்கிரீட் கனம்) விட்டத்தின் இரு மடங்குக்குக் குறைவாக இருந்தாலும் 1.4, இரு நிலைமைகளும் சேர்ந்தால் 2.0.

உங்கள் பீமிலேயே பார்ப்போம். இரு பக்கமும் கவர் 25, ரிங் (கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையக் கம்பி) 8 போக உள் அகலம் 164 மி.மீ. கீழ்க்கம்பி மூன்றையும் ஒரே இடத்தில் லேப் செய்தால் ஆறு கம்பிகள் 96 மி.மீ. அகலத்தை எடுத்துக்கொள்ளும், மிச்சமிருக்கும் இரண்டு இடைவெளிகள் 34 மி.மீ. வீதம்தான். தேவையோ விட்டத்தின் 6 மடங்கான 96 மி.மீ. ஆகவே லேப் நீளம் 906 × 1.4 = 1268 மி.மீ. ஆகிவிடுகிறது, ஏறத்தாழ 80 மடங்கு! இதற்குக் காரணம் வெறும் எச்சரிக்கை உணர்வு அன்று. கம்பியின் வரிகள் கான்கிரீட்டை ஆப்பு போல வெளிப்புறமாகத் தள்ளுகின்றன. லேப்கள் நெருக்கமாக இருந்தால் அந்தத் தள்ளுவிசைகள் சேர்ந்து, கம்பி வரிசை நெடுகிலும் கான்கிரீட் கிடைமட்டமாகப் பிளந்துவிடும். மூன்றில் ஒரு கம்பியை மட்டும் ஓரிடத்தில் லேப் செய்து, மற்றவற்றை லேப் நீளத்தின் 1.3 மடங்காவது, மையத்துக்கு மையம், தள்ளி வைத்தால் இந்தக் கூடுதல் தேவைப்படாது. ஒரே வெட்டில் பாதிக் கம்பிகளுக்கு மேல் லேப் கூடாது என்ற விதியும் அப்போது நிறைவேறும்.

இனித் தூண். வெறும் எடையை மட்டும் பார்த்தால் தூண் கம்பி அமுக்கவிசையில் இருக்கிறது. அமுக்கத்தில் பிணைப்பு இன்னும் 25 சதவீதம் கூடுவதால் எம்25இல் 39 மடங்கே போதும். மேஸ்திரியின் இரண்டு அடி பெரும்பாலும் இதனால்தான் இத்தனை காலம் தாங்கியிருக்கிறது. ஆனால் நிலநடுக்க மண்டலங்களைத் தரும் விதிமுறையான ஐ.எஸ். 1893இன் 2016ஆம் ஆண்டுப் பட்டியலில் கோயம்புத்தூர் மூன்றாம் நிலநடுக்க மண்டலத்தில் இருக்கிறது; எனவே நிலநடுக்கத்தைத் தாங்கும் கம்பி அமைப்புக்கான விதிமுறையான ஐ.எஸ். 13920 பொருந்தும். நிலம் பக்கவாட்டில் அசையும்போது தூணின் ஒரு பக்கக் கம்பிகள் இழுவிசைக்கு மாறும். அந்த விசை மிக அதிகமாக வருவது தளத்தை ஒட்டிய மட்டத்தில், அதாவது மேஸ்திரி லேப் வைக்கும் அதே மட்டத்தில். ஆகவே தூணில் லேப் நீளம் இழுவிசைக்கான பிடிப்பு நீளமாகவும், இடம் தூணின் தெளிவான உயரத்தின் (தளத்துக்கும் மேல் பீமின் அடிக்கும் இடைப்பட்ட உயரத்தின்) நடுப்பாதியாகவும் இருக்க வேண்டும். லேப் நெடுகிலும் ரிங்குகளை நெருக்கமாகக் கட்ட வேண்டும்.

தளத்துக்குத் தளம் 3 மீட்டர், பீம் ஆழம் 400 என்றால் தெளிவான உயரம் 2600 மி.மீ.; நடுப்பாதி என்பது தளத்திலிருந்து 650 முதல் 1950 வரை. 800 மி.மீ. லேப் அதற்குள் அடங்கும். ஆனால் பாதிப் பாதியாகத் தள்ளி வைத்தால் லேப் நீளமும் அதன் 1.3 மடங்கும் சேர்ந்து மொத்தம் 800 + 1040 = 1840 மி.மீ. வேண்டும், கிடைப்பதோ 1300. ஆகவே எட்டில் நான்கை மட்டுமே ஒரு தளத்தில் லேப் செய்ய முடியும். மற்ற நான்கும் அந்தத் தளத்தைக் கடந்து செல்ல வேண்டும்.

பதில் 2: ஓய்வுபெற்ற மேற்பார்வையாளர்

தம்பி, மேலே உள்ள கணக்கில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. களத்தில் அது எங்கே உடைகிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

கம்பி 12 மீட்டர் நீளத்தில் வருகிறது. உங்கள் அடித்தளம் தரைக்குக் கீழே 1.5 மீட்டர், பேஸ்மென்ட் 0.6 மீட்டர், இரண்டு தளங்கள் 6 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், அடி மடக்கும் மேல் மடக்கும் சேர்ந்தும் 9 மீட்டரைத் தாண்டாது. அப்படியானால் இந்த வீட்டில் தூணுக்கு லேப்பே தேவையில்லை. நீளமான கம்பி காற்றில் ஆடும், அடித்தளக் கான்கிரீட் இறுகும் முன் அசைந்துவிடும் என்பார்கள், அது உண்மைதான். நான்கு மூலைக் கம்பிகளை முழு நீளத்தில் நிறுத்தி, சவுக்குக் கழிகளால் இரண்டு மட்டத்தில் குறுக்கே கட்டி, மற்ற நான்கை மட்டும் தரைத்தளத்தின் நடுவில் லேப் செய்யலாம். நான் இப்படிப் பல வீடுகளில் செய்திருக்கிறேன். முதல் நாள் மேஸ்திரிகள் முகம் சுளிப்பார்கள். இரண்டாவது தூணில் பழகிவிடுவார்கள்.

மேஸ்திரி செலவைச் சொன்னால் இதைச் சொல்லுங்கள்: 16 மி.மீ. கம்பி மீட்டருக்கு 1.58 கிலோ. 800க்குப் பதில் 912 (57 மடங்கு) விட்டால் ஒரு லேப்புக்குக் கூடுவது 0.18 கிலோ. ஐம்பது லேப்புக்கு ஒன்பது கிலோ.

ஆனால் என்னை உறுத்துவது லேப் அன்று. ஓரத் தூணுக்குள் மடங்கும் பீம் கம்பி. அதில் இரண்டு உண்மைகளை வரைபடம் காட்டாது. முதலாவது, தூண் எம்25 என்று எழுதியிருந்தாலும், தூணும் பீமும் சந்திக்கும் மூட்டு பீமோடும் தளத்தோடும் சேர்த்துத்தான் வார்க்கப்படுகிறது. அங்கே போவது எம்20 கான்கிரீட். ஆகவே மேல்கம்பியின் பிடிப்பைத் தூணின் தரத்தில் கணக்கிடக் கூடாது. இரண்டாவது, நம் வழக்கப்படி தூணைப் பீமின் அடிமட்டம் வரை முன்கூட்டியே வார்த்துவிடுகிறோம். பிறகு பீம் கம்பி இறங்கும்போது, கீழ்நோக்கி மடங்கும் கால் இறுகிப்போன கான்கிரீட்டில் முட்டுகிறது. உடனே காலை வெட்டிவிடுகிறார்கள். ஓர் அடி எல் என்ற வழக்கம் அப்படித்தான் பிறந்தது. அந்த அளவை எவரும் கணக்கிட்டுத் தீர்மானிக்கவில்லை.

ஒரு பழைய கட்டடத்தைப் பலப்படுத்தும் பணியில் ஓரத் தூண் மூட்டுகளைக் கொத்தித் திறந்தபோது, மேல்கம்பியின் கால்கள் பத்து அங்குலத்துக்கும் குறைவாக இருந்ததைப் பார்த்தேன். பீமின் மேற்புறத்தில், தூண் முகத்தை ஒட்டி, விரல்நகம் நுழையும் அளவுக்கு விரிசல். வீட்டில் குடியிருந்தவர்கள் பல ஆண்டுகளாக அதன்மேல் பூசிப் பூசி மறைத்திருந்தார்கள். பூச்சுக்காரரைத்தான் குறை சொல்லி வந்தார்கள். எனக்கு அன்று மிகவும் வருத்தமாக இருந்தது.

கோவைத் தளப்பொறியாளர்

ஐயா இருவருக்கும் நன்றி. மூட்டில் எம்20 போகிறது என்பது எனக்குத் தோன்றவே இல்லை. என் தூணின் 400 மி.மீ. ஆழத்தில் மேல்கம்பியின் கால் எவ்வளவு வர வேண்டும் என்று கணக்கிட்டுக் காட்ட முடியுமா?

பதில் 3: வடிவமைப்புப் பொறியாளர்

மேற்பார்வையாளர் சொன்ன இரண்டும் மிகச் சரி. முதல் பதிலில் நான் எழுதியிருக்க வேண்டியவை.

தூணின் 400 மி.மீ. ஆழத்தில் கவர் 40, ரிங் 8, தூண் கம்பி 16 போக 336 மி.மீ. கிடைக்கிறது. 16 மி.மீ. கம்பியை உள் ஆரம் விட்டத்தின் 4 மடங்காக மடக்கினால், மடக்கு 80 மி.மீ. எடுத்துக்கொள்ளும், நேர்ப்பகுதி 256. செங்கோண மடக்குக்கு விதிமுறை தரும் மதிப்பு, ஒவ்வொரு 45 பாகைக்கும் 4 மடங்கு வீதம், 8 மடங்கு, அதாவது 128. ஐ.எஸ். 456இன்படி 906 வேண்டுமென்றால் மடக்குக்குப் பின் கால் 906 − 256 − 128 = 522 மி.மீ. நிலநடுக்க விதிமுறை பிடிப்பு நீளத்தோடு விட்டத்தின் 10 மடங்கையும் கூட்டச் சொல்கிறது. அப்போது கால் 682. பீமின் மேல் முகத்திலிருந்து கவரும் ரிங்கும் 33, மடக்கு 80, கால் 682 என்று கூட்டினால் 795 மி.மீ. பீமின் ஆழம் 400 மட்டுமே. கம்பி பீமுக்குக் கீழே தூணுக்குள் ஏறத்தாழ 400 மி.மீ. இறங்க வேண்டும். அடிமட்டம் வரை வார்த்த தூணில் இது நடக்காது.

நான் செய்வது, இந்த மூட்டுகளில் கம்பியின் விட்டத்தைக் குறைப்பது. 16 மி.மீ. இரண்டின் பரப்பு 402 ச.மி.மீ.; 12 மி.மீ. நான்கின் பரப்பு 452. நான்கும் 164 மி.மீ. அகலத்தில் 38 மி.மீ. இடைவெளியோடு அமையும், 20 மி.மீ. ஜல்லி தாராளமாக இறங்கும். பீமையும் எம்25 ஆக்கினால் 12 மி.மீ. கம்பிக்குப் பிடிப்பு நீளம் 583. நேர்ப்பகுதி 276, மடக்கு 96. கால் 211, நிலநடுக்கக் கூடுதல் 120 சேர்த்து 331. மேலிருந்து மொத்தம் 33 + 60 + 331 = 424 மி.மீ. பீமின் ஆழத்தைவிட 24 மி.மீ.தான் கூடுதல். விட்டத்தையும் தரத்தையும் மாற்றுவதை உங்கள் வடிவமைப்பாளர் எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

பதில் 4: பாலப்பணிப் பொறியாளர்

கணக்கு முழுவதும் எஃப்.ஈ. 500க்குச் சென்றுகொண்டிருக்கிறது. களத்தில் இருப்பது எஃப்.ஈ. 550டி என்பதை எவரும் தொடவில்லை. 0.87 × 550 = 478.5, எம்20இல் 62.3 மடங்கு, எம்25இல் 53.4 மடங்கு. வலிமை கூடிய கம்பி வந்தால் நல்லதுதானே என்று எண்ணுகிறோம். கம்பியின் வலிமை கூடினாலும் கான்கிரீட்டின் பிடிப்பு கூடாது என்பதால், லேப் நீளம்தான் கூடுகிறது.

வடிவமைப்புப் பொறியாளர்

விதிமுறையின் சொற்களை நோக்கினால், வாய்பாட்டில் வரும் தகைவு அந்த இடத்தில் வடிவமைப்புச் சுமையின்போது கம்பியில் உண்மையில் இருக்கும் தகைவு. கம்பியின் எண்ணிக்கையையும் விட்டத்தையும் குறைக்காமல் 550ஐ இட்டால் தகைவு 435ஐத் தாண்டாது. பழைய நீளமே செல்லும் என்று வாதிடலாம்.

பாலப்பணிப் பொறியாளர்

எடைச் சுமைக்கு அந்த வாதம் சரி. கூரைத்தளத்துக்கு நானும் ஒப்புக்கொள்வேன். பீமின் முனையில் ஒப்புக்கொள்ள மாட்டேன். நிலநடுக்கத்தின்போது அங்கே கம்பி நெகிழ்ந்து நீள வேண்டும் என்பதே ஐ.எஸ். 13920இன் அடிப்படை எதிர்பார்ப்பு. 550 கம்பி நெகிழ்வது 550இல், அல்லது அதற்கும் மேலே. குறித்த வலிமையைவிட 20 சதவீதம் வரை கூடுதலாக இருப்பதை அந்த விதிமுறையே அனுமதிக்கிறது. கம்பி நெகிழும் முன் மூட்டுக்குள்ளிருந்து நழுவிவிட்டால், அந்த பீம் எதற்காக வடிவமைக்கப்பட்டதோ அது நடக்கவே நடக்காது. மூட்டிலும் தூண் லேப்பிலும் 550க்கே கணக்கிட வேண்டும்.

வடிவமைப்புப் பொறியாளர்

மூட்டுக்கு நீங்கள் சொல்வதே சரி. திருத்திக்கொள்கிறேன். எம்25, எஃப்.ஈ. 550, 12 மி.மீ.: பிடிப்பு நீளம் 641; கால் 641 − 276 − 96 + 120 = 389; மேலிருந்து மொத்தம் 482 மி.மீ. தூணின் லேப் 16 × 53.4 = 855, அதாவது 860 மி.மீ.

கோவைத் தளப்பொறியாளர்

வடிவமைப்பாளரிடம் இந்தக் கணக்கோடு சென்றேன். மேல்கம்பியை 12 மி.மீ. நான்காக மாற்றவும், பீமையும் தளத்தையும் எம்25 ஆக்கவும் கையெழுத்திட்டுத் தந்துவிட்டார். தூணை பீமின் அடிமட்டத்துக்கு 100 மி.மீ. கீழேயே நிறுத்தி, அதன் மேல்முகத்தில் படிந்த சிமெண்ட் பாலாடையைக் கொத்திக் கழுவிய பிறகு மிச்சத்தைப் பீமோடு வார்ப்பது என்று முடிவாகியுள்ளது. தூணுக்கு நான்கு மூலைக் கம்பிகளும் முழு நீளம். மேஸ்திரி சவுக்குக் கழி கேட்டிருக்கிறார்.

ஓர் ஐயம் மிச்சம் இருக்கிறது. கீழ்க்கம்பியும் மூட்டுக்குள் நங்கூரமாக வேண்டும் என்பதால் அதையும் 12 மி.மீ. ஆக்கி, கீழிருந்து மேலே மடக்குகிறோம். முதல் தளத்தின் தரை மட்டத்தில் அந்தக் கால் மேல் தூணுக்குள் சென்றுவிடுகிறது. மொட்டைமாடி மட்டத்திலோ மேலே தூண் இல்லை. காலின் நுனி பீமின் அடிமட்டத்திலிருந்து 482 மி.மீ. உயரத்தை எட்ட வேண்டும், பீம் 400தான்.

ஓய்வுபெற்ற மேற்பார்வையாளர்

மொட்டைமாடியில் கைப்பிடிச்சுவர் வரப்போகிறது அல்லவா? அந்த ஓரத் தூண்களை மட்டும் தளத்துக்கு மேலே 150 மி.மீ. உயர்த்தி, தூண் கம்பியையும் ரிங்கையும் அதற்குள் கொண்டுசென்று, தளத்தோடு சேர்த்தே வார்த்துவிடுங்கள். 482 மி.மீ. உயரம் வரும் கால் அதற்குள் முடிந்துவிடும், மேலே 65 மி.மீ.க்கு மேல் கவரும் கிடைக்கும். குட்டைத் தூண் கைப்பிடிச்சுவருக்குள் மறைந்துவிடும். அதற்கான பெட்டிப் பலகையைக் கம்பி கட்டும் முன்பே சென்ட்ரிங்காரரிடம் சொல்லி வையுங்கள். வார்ப்பு நாளன்று சொன்னால் பலகை கிடைக்காது.

வடிவமைப்புப் பொறியாளர்

இது சரியான வழி. குட்டைத் தூணுக்குள் ரிங் இரண்டாவது இருக்கட்டும். வார்ப்புக்கு முன், ஒவ்வொரு ஓரத் தூணிலும் காலின் நீளத்தை டேப் வைத்து அளந்து படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.